பி.எஸ்சி. படிக்கும்போதே ஆராய்ச்சி செய்ய முடியுமா? கொல்லிமலையின் 70 வளைவுகள் சொல்லும் பாடம்

நாமக்கல் பக்கமிருந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் போனவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும். காரவள்ளி அடிவாரத்தைத் தாண்டி கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். பத்து, இருபது வளைவு போனதும் காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் ‘டப்’பென்று திறக்கும். 70 வளைவுகளும் முடிந்து சோளக்காடு வருவதற்குள் இது பல முறை நடந்துவிடும்.

காரணம் என்ன? மேலே போகப் போக காற்றழுத்தம் குறைகிறது. இயற்பியல் படிக்கும் மாணவர் இதை சூத்திரத்தோடு எழுதி மார்க் வாங்கிவிடுவார். ஆனால் அவரிடமே, "சரி, முதல் வளைவுக்கும் எழுபதாவது வளைவுக்கும் நடுவுல அழுத்தம் எவ்வளவு குறையுது? காலையில, மதியத்துல, மார்கழியில, சித்திரையில ஒரே மாதிரிதான் குறையுமா?" என்று கேட்டால் பதில் புத்தகத்தில் இருக்காது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

இளநிலை மாணவர்கள் ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் செய்யும் ஆராய்ச்சி தொடங்கும் இடம் இதுதான். இதற்கு பெரிய லேப் வேண்டுமா? பணம் யார் கொடுப்பார்? வழிகாட்டும் ஆசிரியர் என்னதான் செய்கிறார்? பார்க்கலாம்.

பிராக்டிகல் வேறு, ஆராய்ச்சி வேறு

கல்லூரி லேபில் செய்யும் பிராக்டிகலுக்கு விடை முன்பே தெரியும். ஊசலை ஆட்டி புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால், 9.8 வர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். 9.2 வந்தால் சிலர் கணக்கைக் கொஞ்சம் ‘சரி’ செய்து ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவார்கள்.

ஆராய்ச்சியில் அப்படிச் செய்ய வழியில்லை. விடை மாணவருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. 9.2 வந்தால், ஏன் வந்தது என்று தேட வேண்டும். அந்தத் தேடல்தான் பயிற்சி.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இதைப் பாடத்திட்டத்தின் பகுதியாகவே மாற்றிப் பல காலமாகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1969-ல் இளநிலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பின்படி, முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் நான்காவது ஆண்டில் ஆராய்ச்சிப் பிரிவைத் தேர்வு செய்யலாம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. மூன்று ஆண்டுதான். அதனால் இங்கே படிக்கும் மாணவர், கோடை விடுமுறையையும் இறுதியாண்டு ப்ராஜெக்டையும்தான் ஆராய்ச்சிக்கான வாய்ப்பாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

70 வளைவு சோதனை: எப்படிச் செய்வது?

சில மொபைல் போன்களில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் சென்சார் உள்ளேயே இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவச செயலி, அந்த சென்சார் தரும் எண்ணை நொடிக்கு நொடி பதிவு செய்யும். போனில் சென்சார் இல்லையென்றால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘பிஎம்பி280’ சென்சாரை ஆர்டுயினோ போர்டில் இணைத்துக்கொள்ளலாம்.

பேருந்தில் உட்கார்ந்தபடி பதிவை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு வளைவைக் கடக்கும்போதும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உயரத்துக்கு ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பக் கூடாது. உயரக் கணக்கில் அது பல மீட்டர் தவறலாம். இந்திய நில அளவைத் துறையின் டோபோஷீட்டில் உள்ள சம உயரக் கோடுகளோடு ஒப்பிட வேண்டும்.

என்ன கிடைக்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். நாமக்கல் சமவெளியில் அழுத்தம் சுமார் 985 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். கொல்லிமலையின் மேல்பகுதி சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,200 மீட்டரில் அழுத்தம் 880-க்குப் பக்கத்தில் வரும். அதாவது ஏறக்குறைய 9 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மலைமேல் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக சுமார் 96 டிகிரியிலேயே கொதிப்பதும் இதனால்தான்.

இதுவரை மாணவர் தனியாகவே செய்துவிடலாம். சிக்கல் இனிமேல்தான்.

வழிகாட்டி எங்கே வருகிறார்?

மாணவர் காலை 10 மணிக்கு மலை ஏறி அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலை 4 மணிக்கு இறங்கும்போது மறுபடி அளக்கிறார். அதே 35-வது வளைவில் காலையில் ஒரு எண், மாலையில் அதைவிட 3, 4 ஹெக்டோபாஸ்கல் குறைவான எண். கணக்குப் போட்டால், அந்த வளைவு மாலைக்குள் சுமார் 30 மீட்டர் ‘உயர்ந்துவிட்டது’ என்று வரும்.

மாணவர் என்ன நினைப்பார்? "போன் சரியில்ல, சார்." பெரும்பாலும் அப்படித்தான்.

நல்ல வழிகாட்டி இந்த இடத்தில் விடையைச் சொல்லமாட்டார். ஒரு கேள்வி கேட்பார்: "நீ மேல போயிட்டு வந்த நேரத்துல, கீழ அடிவாரத்துல அழுத்தம் மாறாம இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் தினமும் கடல் அலையைப் போல ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சத்துக்குப் போகும்; மாலை 4 மணி வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். இரவில் மறுபடி ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். சூரிய வெப்பம் வளிமண்டலத்தை அன்றாடம் அசைப்பதால் வருவது இது. போனில் பழுது எதுவும் இல்லை, வானம்தான் நகர்ந்திருக்கிறது.

தீர்வு எளிது. இரண்டாவது போன் ஒன்றை அடிவாரத்தில் நாள் முழுக்கப் பதிவில் விட்டுவிட வேண்டும். மேலே எடுத்த ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதே நிமிடம் கீழே இருந்த எண்ணைக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த யோசனைக்கு வயது 375-க்கு மேல். 1648 செப்டம்பர் 19-ல் பிரான்சில் புளோரன் பெரியே என்பவர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு புய் டி டோம் என்ற மலையில் ஏறினார். பாரிஸில் இருந்த அவருடைய மைத்துனர் பிளெய்ஸ் பாஸ்கல் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்ட சோதனை அது. மேலே போனதும் பாதரசம் இறங்கியது. காற்றுக்கு எடை உண்டு என்று உறுதியானது. பலர் கவனிக்காத ஒரு விவரமும் அதில் உண்டு. இன்னொரு பாதரசக் குழாயைக் கீழே மடத்தில் வைத்து, நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒரு துறவியிடம் சொல்லிவிட்டுத்தான் பெரியே மலை ஏறினார். அந்தக் கீழ்க்குழாயின் அளவு மாறவில்லை என்பதால்தான் மேலே கிடைத்த முடிவை யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

அவர் ஏறிய உயரமும் ஏறக்குறைய கொல்லிமலை ஏற்றம் அளவுதான்.

"அப்போ 1648-லேயே செஞ்சதை இப்போ ஏன் திரும்பச் செய்யணும்?" என்று கேட்கலாம். சூத்திரம் பழசுதான். ஆனால் மேலும் கீழும் ஒரே நேரத்தில் அளந்த அழுத்த வித்தியாசத்திலிருந்து, நடுவே உள்ள காற்றின் சராசரி வெப்பநிலையைக் கணக்கிடலாம். குளிர்காலக் காலையில் அடிவாரத்தில் குளிர்ந்த காற்று தேங்குகிறதா, வெயில் ஏறியதும் எத்தனை மணிக்குக் கலைகிறது என்பதையெல்லாம் ஒரு வருடப் பதிவு காட்டும். அது இந்த மலையின் தரவு. மிளகும் காபியும் பயிரிடும் மலைக்கு அது பயன்படவும் கூடும்.

ராமனும் சந்திரசேகரும் தொடங்கிய வயது

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. மாணவராக இருந்த சி.வி.ராமன், பட்டகத்தின் கோணத்தை ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கும் வழக்கமான பயிற்சியின்போது ஒன்றைக் கவனித்தார். ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது, விளிம்பு வரிகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் விஷயம் அது. அவர் கடந்துபோகவில்லை. அந்தக் கட்டுரை 1906 நவம்பரில் லண்டனின் ‘ஃபிலாசஃபிகல் மேகசின்’ இதழில் வெளியானது. அவருக்கு அப்போது 18 வயது. பயன்படுத்தியது கல்லூரி லேப் கருவியைத்தான்.

அதே கல்லூரியில் பி.ஏ. ஆனர்ஸ் படித்த எஸ்.சந்திரசேகரின் கதையில் வழிகாட்டியின் மதிப்பு தெரியும். 1928 கோடை விடுமுறையில் அவர் கொல்கத்தாவில் ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். அந்த ஆண்டு ஜெர்மன் இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, நேரில் போய் சந்தித்தார். ‘நீ என் புத்தகத்தில் படித்த இயற்பியல் பழசாகிவிட்டது’ என்ற பொருளில் சோமர்ஃபெல்ட் சொன்னார். சொல்லிவிட்டு அனுப்பிவிடவில்லை, இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் புரூஃப்பை மாணவரின் கையில் கொடுத்தார். அதைப் படித்து சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ராமன் விளைவு ஆய்வில் உடனிருந்த கே.எஸ்.கிருஷ்ணன், அதற்கு முன் சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்கள் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்கலாம். தனி நிதியோ அரசாணையோ இல்லாமல் நடந்த வழிகாட்டல் அது.

இவர்கள் மூவரும் அசாதாரணமானவர்கள் என்பது உண்மை. ஆனால் இந்தக் கதைகளில் வரும் உதவிகள் சாதாரணமானவை: கருவியைத் தொட அனுமதி, ஒரு கட்டுரையின் நகல், அரை மணி நேரப் பேச்சு.

மலையில் இன்னும் என்ன கேள்விகள் இருக்கின்றன?

பாறை: கொல்லிமலையின் முதுகெலும்பு சார்னோக்கைட் என்ற பாறை. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை வகை என்பதால் இந்தப் பெயர். சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளிலும் இதே வகைதான். மழையும் வெயிலும் இந்தப் பாறையைக் கரைத்து, அலுமினியமும் இரும்பும் மிஞ்சும் செம்மண்ணாகவும் பாக்சைட்டாகவும் மாற்றியிருக்கின்றன. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக கொல்லிமலையில் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டதும் உண்டு. பாறையிலிருந்து மண் வரை, அடுக்கு அடுக்காக இரும்பின் அளவு எப்படி மாறுகிறது? வேதியியல், நிலவியல் மாணவர்கள் சேர்ந்து செய்யக்கூடிய ஆய்வு இது.

தண்ணீர்: மலை ஊற்றுத் தண்ணீருக்கும் சமவெளி போர்வெல் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம்? இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம்; வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. கல்லூரி வேதியியல் லேபிலேயே தொடங்கக்கூடிய வேலை. முடிவு ஊருக்கு நேரடியாகப் பயன்படும்.

இரவு வானம்: நாமக்கல் நகர வெளிச்சம் மலைமேல் எவ்வளவு தெரிகிறது? கொல்லிமலையைப் போலவே மலையாளி பழங்குடியினர் வாழும் ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

மலையிலிருந்து கல்லும் மண்ணும் எடுப்பதற்கு முன் வனத்துறை அனுமதி தேவையா என்பதைக் கல்லூரி மூலம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பணம் யார் கொடுப்பார்?

1. இன்ஸ்பயர் உதவித்தொகை: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம். பிளஸ் 2 பொதுத் தேர்வில் தங்கள் போர்டில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, இயற்பியல், வேதியியல், கணிதம், நிலவியல் போன்ற அடிப்படை அறிவியல் பாடங்களில் சேர்ந்தவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். இதில் 60,000 உதவித்தொகை. மீதி 20,000 எதற்கு என்பது பலருக்குத் தெரியாது: கோடையில் ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்வதற்கு. ப்ராஜெக்டை முடித்து, வழிகாட்டியின் சான்றிதழோடு அறிக்கை கொடுக்க வேண்டும். இன்ஜினியரிங், மருத்துவம் படிப்பவர்களுக்கு இது கிடையாது.

2. அறிவியல் அகாடமிகளின் கோடை ஆய்வு ஃபெலோஷிப்: இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துவது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்யலாம். கோடைக்குத்தானே என்று ஏப்ரல் வரை காத்திருந்தால் தவறிவிடும். விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வாங்கப்படும். முக்கியமாக, கல்லூரி ஆசிரியர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

3. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம்: இறுதியாண்டு மாணவர்களின் ப்ராஜெக்டுக்கு நிதி தரும் திட்டம் வைத்திருக்கிறது. வழிகாட்டி ஆசிரியரின் பரிந்துரையோடு கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

விதிகளும் தொகைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அந்த ஆண்டின் அறிவிப்பை அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும்.

நடைமுறையில் எங்கே இடிக்கிறது?

கொல்லிமலையில் பெரும்பாலானவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்து, மலையிறங்கி நாமக்கல், ராசிபுரம் அரசுக் கல்லூரிகளுக்கு வரும் பிள்ளைகளில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களுக்கு விடுமுறை என்றால் ஓய்வு இல்லை. வீட்டு வேலை, தோட்ட வேலை, கூலி. இரண்டு மாதம் சம்பளமில்லாமல் ‘ஆராய்ச்சி பண்றேன்’ என்று வீட்டில் சொல்ல முடியாது. அதனால்தான் உதவித்தொகை பற்றிய தகவல் உரிய நேரத்தில் போய்ச் சேர்வது முக்கியமாகிறது. கடைசித் தேதி முடிந்த பிறகு தெரிந்து என்ன பயன்?

ஆசிரியர்கள் பக்கமும் சுமை இருக்கிறது. வகுப்பு, தேர்வு, விடைத்தாள் என்று நேரம் போய்விடும். கௌரவ விரிவுரையாளராக இருந்தால், அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்ற உறுதியே இருக்காது. ஒருவர் நாற்பது பேருக்குக் ‘கைடு’ ஆக இருந்தால், அது கையெழுத்துப் போடும் வேலையாக மட்டுமே முடியும்.

அந்த இடைவெளியில்தான் ரெடிமேட் ப்ராஜெக்ட் விற்கும் கடைகள் நுழைகின்றன. காசு கொடுத்தால் அறிக்கை, பைண்டிங் எல்லாம் தயார். அதேபோல, ‘பணம் கட்டுங்க, ஒரு வாரத்துல பேப்பர் வந்துடும்’ என்று மெயில் அனுப்பும் போலி இதழ்களும் உண்டு. எந்த இதழிலும் பணம் கட்டும் முன் ஆசிரியரிடம் காட்டுவது நல்லது. வைவாவில் ஒரே ஒரு ‘ஏன்’ கேட்டால், வாங்கிய ப்ராஜெக்ட் அங்கேயே உதிர்ந்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

• முதலாண்டிலேயே ஒரு நோட்டு வையுங்கள். பார்த்து ‘இது ஏன்?’ என்று தோன்றியதை எழுதுங்கள்.

• ஆசிரியரிடம் "ஏதாவது ப்ராஜெக்ட் குடுங்க சார்" என்று போகாதீர்கள். "மேடம், இதை அளந்து பார்க்கலாமா?" என்று ஒரு கேள்வியோடு போங்கள்.

• ஒரே ஒரு அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் என்றால் அழுத்தம் மட்டும்.

• தப்பாகத் தெரியும் எண்ணை அழிக்காதீர்கள். தேதி, நேரம், வானிலையோடு அப்படியே எழுதி வையுங்கள்.

• வாரம் அரை மணி நேரம் வழிகாட்டியோடு உட்காருங்கள். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்குக் கீழே ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு விஷயம். ‘பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சா என்ன கிடைக்கும்?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஒரு ஆய்வை முழுதாகச் செய்து முடித்த மாணவரிடம் மதிப்பெண் பட்டியலைத் தாண்டி ஒன்று இருக்கும்: தானே எடுத்த தரவு, அதைப் பற்றி எந்த நேர்காணலிலும் தடுமாறாமல் பேசும் தைரியம், அவரை நேரடியாகத் தெரிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். எம்.எஸ்சி. சேர்க்கைக்கும், ஆய்வு நிறுவனங்களின் நேர்காணலுக்கும் இந்த மூன்றும் உதவும்.

மலை ஏறி அளக்க மாணவர் தயாராக இருப்பார். அதே நாளில் அடிவாரத்திலும் ஒரு கருவி ஓட வேண்டும் என்று அவருக்கு நினைவூட்ட ஒருவர் வேண்டும். 1648-ல் அந்த ஏற்பாட்டோடுதான் சோதனை நடந்தது. கொல்லிமலைப் பேருந்தில் அடுத்த முறை காது அடைக்கும்போது, உங்கள் வீட்டுக் கல்லூரி மாணவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "கீழ ஒரு போனை வெச்சுட்டு வந்தியா?"